‘பிரண்ட்’ சொல்லுக்கு ஓர் உதாரணம்

அந்த அகராதி அலுவலகத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஓர் அட்டை. பொருள் எழுதினால் மட்டும் போதாது, கீழே ஓர் உதாரண வாக்கியமும் வேண்டும். அன்று காலை உதவி ஆசிரியையின் மேசைக்கு வந்த சொல் ‘பிரண்ட்’ (brunt). ‘தாக்குதலின் முழு வேகம், பெரும்பாலும் தாங்குதல் என்னும் வினையோடு வரும்’ என்று எழுதினாள். உதாரணத்துக்கு, ‘புயலின் முழு வேகத்தையும் கரையோர வீடுகள் தாங்கின’ என்று போட்டு அனுப்பினாள். மனம் அதில் இல்லை.

முந்தின நாள் அக்கா போன் செய்திருந்தாள். அவளுக்கு வயிற்றில் கட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

"பத்து நாள் அப்பாவ உன்கிட்ட வச்சுக்கறியாடி? நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாகணும்."

"வேலை தலைக்கு மேல கிடக்குக்கா. காலைல சொல்றேன்."

வேலையாவது மண்ணாவது! பயம். எண்பது வயதாகியும் அப்பாவுக்கு வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. மணி பத்தைத் தாண்டியும் அவள் போனைத் தொடவில்லை.

மதியம் அட்டை திரும்பி வந்தது. ‘சிவப்பு மை’ என்று எல்லோரும் கேலி செய்யும் தலைமை ஆசிரியர், வாக்கியத்தை அடித்துவிட்டு அவரே பின்னால் வந்து நின்றார்.

"இந்தப் புயல் எல்லா அகராதியிலயும் அடிச்சு ஓஞ்சாச்சும்மா. முன்னாடி ஒருத்தர் நின்னு வாங்கணும், பின்னாடி ஒருத்தர் தப்பிக்கணும். அப்பத்தான் இந்த வார்த்தை."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்பா பெல்ட்டை உருவிய நாளெல்லாம் அக்கா இவளைப் பீரோ இடுக்கில் தள்ளிவிட்டு முன்னால் நின்றாள். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. இவள் மேல் ஓர் அடிகூட விழுந்ததில்லை.

‘அப்பாவின் கோபம் முழுவதையும் அக்காவே தாங்கினாள்’ என்று எழுதி நீட்டினாள்.

"இது உதாரணம்! சின்னப் பிள்ளைக்கும் புரியும்" என்று கையெழுத்துப் போட்டார் சிவப்பு மை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மாடிப்படிக்கு ஓடிப்போய் அக்காவை அழைத்தாள்.

"அப்பாவ அனுப்புக்கா. நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, உன் போன் வரலையேன்னு தேதிய விட்டுட்டேண்டி. இனிமே மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் அவர் இங்கயே இருக்கட்டும். உனக்கு எதுக்குக் கஷ்டம்? எனக்குப் பழகிப்போச்சு."

அக்காவின் பின்னால் அப்பா கத்துவது கேட்டது. ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கியது. இவள் காதில் விழக் கூடாதென்று அக்கா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டுவிட்டாள்.