சக்கரத்தின் உள்பக்கம்

டாக்ஸிக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது கார் ஓட்டும்போது இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டிய மனிதர், சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்பு நுரையில் வழுக்கி விழுந்தார். வலது கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, எட்டு வாரத்துக்கு ஸ்டியரிங் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எல்லாம் குளிச்சதால வந்த வினை," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தார். மூன்றாவது வாரத்தில் அந்த வேடிக்கையும் தீர்ந்துபோனது.

அவர் மனைவி தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில் மிஷின் போட்டிருந்தாள். அவர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருவில் நிற்கும் காரையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்த ஒன்றுமில்லைக்குப் பின்னால் ஒன்பது இருக்கும் என்பது அவளுக்கு இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரியாததா?

திங்கட்கிழமையிலிருந்து அவள் தம்பி வண்டியை ஓட்டுவதாக ஏற்பாடு. அதுதான் மனுஷனுக்கு உறுத்துகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஞாயிறு காலையில் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, யாரோ எவனோ கையிலயா குடுக்கறோம்? என் தம்பிதானே."

"அவன் நல்லா ஓட்டுவான். அதுக்கென்ன."

"பின்ன ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

அவர் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டார். "வண்டியைக் கழுவாமக் குடுக்கறோம்."

"நேத்துத்தானே தம்பி தண்ணி ஊத்திப் பளபளன்னு கழுவினான்."

"மேலதான் கழுவினான். சக்கரத்துக்கு உள்பக்கம் கழுவலை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நான்கு சக்கரத்தையும் சுற்றி உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். வாளி, சோப்புத் தண்ணீர், பாட்டில் கழுவும் நீளப் பிரஷ், போதாததற்கு ஒரு பழைய டூத் பிரஷ். 'சக்கரத்துக்குப் பல் விளக்குறாரு' என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

"ஊர்ல எவன் குப்புறப் படுத்து அதையெல்லாம் பாக்கப்போறான்?"

அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு மிஷினுக்குத் திரும்ப மனம் வரவில்லை. அவருடைய பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, வாளியில் சோப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முன்சக்கரத்தின் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கம்பிகளின் இடைவெளியில் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது விரல்கள் அடுப்புக்கரி அள்ளியது போல இருந்தன.

"அது பிரேக் பிடிக்கிறப்ப உதிர்ற தூள்," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "முதல்ல தண்ணி ஊத்து. காஞ்ச தூளைத் தேய்க்காதே. கம்பியோட முதுகுப் பக்கம் விட்டுட்டே பாரு. இன்னும் மேல. அங்க இல்ல."

"இங்க உக்காந்திருக்கறது நானா நீங்களா?"

"மெதுவா, விளிம்பு கையை வெட்டிடும்," என்றார்.

அவள் விரல்கள் ஊசியில் நூல் கோத்துப் பழகியவை. பிரஷ் நுழையாத இடுக்கிலும் துணியைச் சுருட்டிச் செருகித் துடைத்தாள். கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளி நிறம் திட்டுத் திட்டாகத் தெரிய ஆரம்பித்ததும் அவளுக்கே வேகம் வந்துவிட்டது. ஆனால் கைக்கு எட்டியது பாதிச் சக்கரம்தான். மீதிப் பாதி கீழே வர வேண்டுமென்றால் வண்டி கொஞ்சம் நகர வேண்டும். அவர் தாமாகவே வெளியே வந்தார். அவள் ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். அவர் பின்பக்கம் திரும்பி நின்று முதுகைக் கொடுத்துத் தள்ள, அவள் கதவோரம் பிடித்துத் தள்ள, வண்டி மூன்றடி நகர்ந்தது. அவள் மறுபடி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"கிழவனாயிட்டீங்க."

"தள்ளினது முதுகு. அதுக்கு வயசு கம்மி."

மூன்று சக்கரம் முடிந்து, இடது பின்சக்கரத்துக்கு வந்தாள். உள்ளே விட்ட கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஏங்க, இது தூளா இல்லையே. பசை மாதிரி இருக்கு. வழவழங்குது."

"காட்டு."

அவள் நீட்டிய விரலிலிருந்து கொஞ்சம் தொட்டு, இடது கைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நடைபாதையின் கல்விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக் ஆயில்," என்றார்.

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. பிரேக் என்ற சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது. "எத்தனை நாளா ஒழுகுது?"

"தெரியலை."

"வாரா வாரம் கழுவுறீங்க, தெரியலைன்னா?"

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மாசமா உள்ள கை விடலை."

"என்ன சொல்றீங்க?"

"கை போகலை. தோள் மடங்காது. விழுறதுக்கு ரொம்ப முன்னாடியே வலி ஆரம்பிச்சிடுச்சு. அன்னிக்குக் குளியலறையில வழுக்கினப்பத் துண்டு போடுற கம்பியைப் பிடிச்சிருக்கலாம். கை மேல எழும்பலை."

அவள் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் இங்க இருந்தீங்களே. என்ன பண்ணினீங்க?"

"வெளிப்பக்கம் துடைப்பேன். அப்புறம் உக்காந்திருப்பேன்."

தனக்கு வருவது கோபமா அழுகையா என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. "கட்டினவகிட்ட சொல்றதுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"சொன்னா நீ மிஷின்ல இன்னும் ரெண்டு மணி நேரம் கூட உக்காருவே. உன் இடுப்பு இருக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க."

"சக்கரத்துல," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவள் அவர் பக்கத்தில் அந்தக் கல்விளிம்பிலேயே உட்கார்ந்தாள். ஈரக் கையோடு தொட வேண்டாமென்று தோளால் அவர் இடது தோளை லேசாக இடித்தாள்.

பிறகு தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ஒரு மெக்கானிக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மெக்கானிக் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் திறந்து பார்த்தார். உள்ளே இருக்கும் சின்ன சிலிண்டரில் ரப்பர் கிழிந்து கசிந்திருக்கிறது என்றார். "இன்னும் சில நாள் ஓட்டியிருந்தா, மிதிக்கும்போது பெடல் தரையைத் தொட்டிருக்கும்."

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, நேத்து நான்தானே கழுவினேன். என் கண்ணுக்குப் படலையே."

"உனக்கு எப்படிப் படும், மச்சான்? பாக்கவேண்டியவன் நான். நானே பாக்கலை."

"சரி, ஆனது ஆச்சு," என்று அவள் பேச்சை முடித்தாள். "நாளைக்கு யாரும் ஓட்ட வேணாம். புது ரப்பர் போட்டு, பிரேக்கைச் சோதிச்சுப் பாத்தப்புறம் ஓட்டிக்கலாம்."

மெக்கானிக் வேலை முடிக்கும்வரை கழற்றிய சக்கரம் தரையில் கிடந்தது. அவள் அதைத் தன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இப்போது உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்கு நேராக இருந்தது. யார் துணி தைத்துக் கொண்டுவந்து காட்டினாலும் அவள் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள்; தைத்தவளின் யோக்கியதை அங்கேதான் இருக்கும். இந்த மனுஷனை இத்தனை நாள் கிண்டல் செய்தோமே என்று நினைத்தபடி, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லாமல் கழுவி முடித்தாள்.

அன்று சாயங்காலம் வேறொரு வம்பு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் கொடுக்கவேண்டிய பள்ளிச் சட்டைகள் பன்னிரண்டு, எல்லாம் தூய வெள்ளை. அவள் நகக்கண்களிலோ கறுப்பு அப்படியே படிந்திருந்தது. மூன்று தடவை கழுவியும் போகவில்லை. அவர் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து, அவள் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். பழக்கமில்லாத இடது கை. ஒவ்வொரு விரலாக, ஒரு தீக்குச்சியின் முனையில் பஞ்சு சுற்றி, நகத்துக்கடியில் சுத்தம் செய்தார். பத்து விரலும் முடியும்போது தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அவள் அசையாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரித்தபோது, கை பழையபடி முழுக்கத் தூக்க வருமா என்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னார். டாக்டரிடம் அவள் நான்கு மாசத்துக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கணவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தினமும் சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்ற வேண்டும் என்பது பயிற்சி. மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் அவர் நின்று விரல்களை ஏற்றுவார். எட்டிய இடத்தில் அவள் துணிக்குக் குறிபோடும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். மார்பளவில் ஆரம்பித்த கோடுகள் மோவாய் தாண்டி, காதுவரை வந்தன. மறுபடி வண்டி ஓட்ட அது போதும். சக்கரத்துக்குள் கை விட மட்டும் போதாது. அந்த வேலை அவளோடு தங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் இப்போது இரண்டு பேரையும் சேர்த்துக் கிண்டல் செய்கிறார்.

ஒரு நாள் விரல்கள் முந்தின நாள் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டன. அவள் சுண்ணக்கட்டியோடு காத்திருந்தாள்.

"இன்னிக்கு வலிக்குது," என்றார்.

"சரி," என்று அவள் அந்த இடத்திலேயே கோடு போட்டாள். பிறகு மிஷினுக்குப் போகாமல் அவர் தோளைப் பிடித்துவிட உட்கார்ந்தாள்.