லெனெக் எந்த நோயால் இறந்தார்?

“மற்ற ஆக்களின்ர நெஞ்சையெல்லாம் கேட்ட மனுசன், தனக்கு வந்த வருத்தத்தை மட்டும் ஏனம்மா கனநாள் ஒத்துக்கொள்ளேல்லை?”

கம்சிகா இப்படிக் கேட்டபோது உதயகுமாரி குசினி மேசையில் மகளின் பேச்சை எழுதிக்கொண்டிருந்தாள். 2007ஆம் ஆண்டின் வசந்தம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி என்றால் ஒஸ்லோவில் தாய்மார்தான் எழுதுவார்கள், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். கம்சிகா நோர்வேஜியப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல, தாய் தமிழாக்கினாள்.

பேச்சு ரெனே லெனெக் என்ற பிரெஞ்சு வைத்தியரைப் பற்றியது. சிறு வயதிலேயே தாயை இழந்தவர். புல்லாங்குழல் வாசிப்பார், கிரேக்கம் படிப்பார், கவிதை எழுதுவார், மரம் கடைவார். நோயாளியான ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரே காதை வைக்கக் கூச்சப்பட்டு, கடதாசியைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு தன் கையாலேயே மரக்குழல்கள் கடைந்தார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான்.

“நல்ல வளர்ப்பு வளர்ந்த பிள்ளை,” என்றாள் உதயகுமாரி.

நாற்பத்தைந்து வயதில் காசநோயால் இறந்தார் என்று கம்சிகா வாசித்த இடத்தில் பேனா நின்றது. உதயகுமாரி ‘மாரடைப்பால் இறந்தார்’ என்று எழுதினாள்.

“அது பொய்யெல்லோ!”

“பொய்யோ மெய்யோ, அந்தச் சொல்லை மேடையில சொல்லப்படாது. ராசமலர் அக்கா முன்வரிசையில இருப்பா.”

ராசமலர், பேர்கன் நகரத்து மாப்பிள்ளையின் பெரியம்மா. மூத்த மகள் ஆரபியின் கலியாணப் பேச்சு அவர் வழியாகத்தான் நடந்தது. போன மாதம் வந்து, சாத்திரக் குறிப்புகளை விரித்துவைத்துக்கொண்டு, இதே வீட்டு வரவேற்பறையில் பின்னேரம் முழுக்க உதயகுமாரிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனவர்.

உதயகுமாரிக்கு மார்கழியிலிருந்து இருமல். இரவில் உடுப்பு நனைய வியர்த்தது. பாவாடைகள் இடுப்பில் நிற்கவில்லை. மாலையில் வெறும் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை என்பதால் அங்கே யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் கேட்டவர்களுக்குப் போலன் ஒவ்வாமை, மரங்களின் பூந்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, கொத்தமல்லித் தண்ணீர் குடித்தாள்.

“மார்கழிப் பனிக்குள்ளையும் உனக்கு மட்டும் எந்த மரமப்பா பூத்தது?” என்று பஸ் ஓட்டும் கணவர் சந்திரகுமார் கேட்டார்.

“பஸ்ஸை ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ. என்னைப் பாக்க வேண்டாம்.”

என்ன வருத்தமென்று அறியாமல் அவள் மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவளுடைய சின்னம்மாவுக்கு இதே இருமலோடுதான் காசநோய் வந்தது. அதன்பின் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கவில்லை.

மேடையில் செய்து காட்டவென்று, கம்சிகா கடை விளம்பரத் தாளைச் சுருட்டித் தாயின் நெஞ்சில் வைக்கப் போனாள். உதயகுமாரி கதிரையோடு பின்னுக்குப் போனாள்.

“விசரே உனக்கு? தள்ளி நில்!”

“கடதாசிதானே அம்மா. ஏன் பயப்பிடுறீங்கள்?”

அடுத்த கிழமை கம்சிகாவே இருமத் தொடங்கினாள். பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது உதயகுமாரி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். கலியாணம், ராசமலர் அக்கா, ஊர்வாய் எல்லாம் அந்த நேரத்தில் அவள் நினைவில் இல்லை. விடிந்ததும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனாள்.

பிள்ளைக்கு வெறும் தடிமன், சளி. தாய்க்குக் காசநோய்.

மருந்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை, ஆறு மாதம் ஒழுங்காகக் குடித்தால் சுகம் வரும், தொற்றாது என்று உறுதியாகும்வரை வீட்டிலேயே தனியாக இருக்க வேண்டும் என்று தாதி சொன்னாள். வீட்டு ஆட்கள் எல்லோரையும் சோதித்தார்கள். பிறகு, வேறு யாராவது உங்களோடு மூடிய அறையில் நெடுநேரம் இருந்தார்களா என்று கேட்டாள்.

உதயகுமாரி கைப்பையைத் திறந்து மூடினாள். துணைக்கு வந்திருந்த ஆரபிதான் தாயிடம் தமிழில் சொன்னாள்: “ராசமலர் மாமியைச் சொல்லுங்கோ.”

“சொன்னா உன்ர கலியாணம் நிண்டுபோகும், பிள்ளை.”

“அவவின்ர வீட்டில கைக்குழந்தை இருக்கம்மா.”

உதயகுமாரி பெயரைச் சொன்னாள். உங்கள் பெயரைச் சொல்லாமலே அவரைச் சோதனைக்குக் கூப்பிடுவோம் என்றாள் தாதி. ஆனால் ஆருக்கு வருத்தமென்று சொல்லாத அழைப்புக்கு ராசமலர் அக்கா அசையமாட்டார் என்பது உதயகுமாரிக்குத் தெரியும். போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தும் இலக்கத்தை அழுத்தாமலே வைத்தாள். அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கலியாண எழுத்துக்கு, பதிவுக்கு, நாள் குறிக்க ராசமலர் ஹொல்ம்லியா ஸ்டேசனில் இறங்கி, கேக் பெட்டியோடு மாடிக்குக் கீழே வந்து நின்றார்.

உதயகுமாரி முகமூடியோடு பல்கனிக்கு வந்தாள்.

“என்னடியப்பா இது கோலம்? பெல்லை அடிக்கிறன், கதவைத் திறவாமல்!”

“மேல வராதேங்கோ அக்கா. எனக்குக் காசம்.”

“மெல்லக் கதை! பக்கத்து வீடுகளில எங்கட சனமெல்லோ.”

இரண்டாம் மாடியில் ஒரு யன்னல் திறந்தது. உதயகுமாரி குரலைத் தாழ்த்தவில்லை.

“கேக்கட்டும் அக்கா. நான் மெல்லக் கதைச்சுக் கதைச்சுத்தான் இவ்வளவு நாளும் என்ர பிள்ளையளுக்குப் பக்கத்தில இருந்து இருமினனான். உங்களுக்குப் பக்கத்திலயும் இருந்தனான். நீங்களும் பேரப்பிள்ளையும் நாளைக்கே போய்ச் சோதியுங்கோ. இது சுகப்படுத்தக்கூடிய வருத்தம். வருத்தம் வாறது குற்றமில்லை, அதை மறைக்கிறதுதான் குற்றம். கலியாணம் நிண்டாலும் பரவாயில்லை, ஒரு குழந்தையின்ர மூச்சு நிக்கக்கூடாது.”

ஆரபி தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். கீழே ராசமலர் இருவரையும் அண்ணாந்து பார்த்தார். கழுத்துச் சால்வையை இழுத்து மூக்கை மூடினார். கேக் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு ஸ்டேசன் பக்கம் நடந்தார்.