நடுங்கிய புள்ளிகள்

"சூரியனுக்கும் அம்மை போட்டிருக்கா?"

முகமெல்லாம் கொப்புளத்தோடு ஐந்து வயது நீவெஸ் கேட்டாள். ஏரிக்கு மேலே, குன்றிலிருந்த ஆய்வகத்தில் ஃபியோரென்சோ தொலைநோக்கி வழியே தாளில் விழுந்த சூரியப் பிம்பத்தின் கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா கண்ணு. பதினோரு வருஷத்துக்கு ஒருதரம் நல்லாப் பூத்துடும். சொறியக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அந்த அம்மை மூளைக்கு ஏறி, குழந்தை நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. அவள் தாய் டெல்ஃபினாவும் அந்த ஆய்வகத்தில்தான் புள்ளி வரையும் வேலை பார்த்தாள். அவள் மகளோடு இருந்த அந்த நாற்பது நாளும், அவளுடைய முறை நாட்களிலும் ஃபியோரென்சோவே குன்றேறி வரைந்தார். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

இருபது ஆண்டு கழித்து அவர் கை நடுங்கத் தொடங்கியது. விண்கலங்கள் சூரியனின் துருவத்தையே எட்டிப் பார்க்கும் காலம். ஆய்வகத்துக்கும் தானியங்கிக் கேமரா வந்துவிட்டது. ஆனால் அதன் எண்ணிக்கையை அவர் முப்பத்தெட்டு ஆண்டாக வரைந்த பழைய வரிசையோடு இணைக்க, அவரும் அதுவும் ஒரே சூரியனைச் சேர்ந்து பார்த்த இரண்டு ஆண்டுகள் வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளைத்தான், எல்லா ஆய்வகங்களின் புள்ளிக் கணக்கையும் தொகுக்கும் குழு நீக்கியது. புள்ளிகள் மிகையாம்.

"எழுதிக் கேப்போம்," என்றாள் டெல்ஃபினா.

"யார்கிட்ட? சூரியன்கிட்டயா?" அவர் சிரித்தார். "காபியப் பாரு, பாதி தட்டுலதான் இருக்கு. இந்தக் கைய நானே நம்பலை."

"ரெண்டு வருஷம் போனா முப்பத்தெட்டு வருஷமும் அந்தரத்துல தொங்குமே."

"தொங்கட்டும். நீ பொலெந்தாக் களியக் கிளறும்மா, அடிப்பிடிக்குது."

நவம்பரில் அவர் இறந்தார்.

டெல்ஃபினா தினமும் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, அவருடைய தாள்களை விண்கலப் படங்களோடு ஒப்பிட்டாள். சூரியனில் இல்லாத, கை நடுங்கி விழுந்த புள்ளிகளைச் சிவப்பில் வட்டமிட்டாள். மொத்தம் அறுநூற்றுப் பதினேழு தாள்கள். நானூறு முடிந்தபோது ஒன்று தெளிவாயிற்று: கை தவறியிருந்தது, கண் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடவில்லை.

குழுவுக்கு எழுதினாள். முடித்த கணக்கைத் திறப்பதற்கில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அன்று காலை அந்தக் கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தாள். பிறகு நானூற்று ஒன்றாம் தாளை எடுத்தாள்.

ஏப்ரலில் கடைசித் தாள் முடிந்தது. யாரும் பார்க்காததைக் கடவுள் பார்ப்பார் என்று அவள் நம்பினாள்; ஆனால் இதை அதற்காகவும் செய்யவில்லை. தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பெட்டியை மூடி, அவர் பெயரை மட்டும் மேலே எழுதி வைத்துவிட்டுக் கேமராவின் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.