எடுக்கிற வரைக்கும்

என் அப்பா சர்க்கரை நோயால் சாகவில்லை, மரியாதையால் செத்தார். இப்படிச் சொன்னால் எல்லம்மாள் அத்தைக்குக் கோபம் வரும். வரட்டும்.

அடி அண்ணாமலையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பவர் பலராமன், என் அப்பா. ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, மூங்கில் வெட்டுவது, சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவது எல்லாம் அவர்தான். வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவர் கைதான். பத்தாவது வரைக்கும் எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். அப்படிப்பட்ட மனுஷன் போன தை மாதம் ஒரு சாவு வீட்டில், காலையில் சுகர் மாத்திரை போட்ட வயிற்றோடு மத்தியானம் தாண்டியும் பட்டினியாக உட்கார்ந்திருந்தார். பிணம் எடுக்கிற வரைக்கும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். வேர்த்தது, கை நடுங்கியது, அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தார்.

அதற்குப் பிறகு அம்மா எந்தச் சாவுக்கும் போகவில்லை. தம்பி இளவரசனையும் விடவில்லை.

இந்தப் பௌர்ணமியன்று காலையில் பக்கத்துத் தெரு தங்கம்மாள் இறந்துபோனார். அவருடைய மகன் அருள்ராஜ், அப்பாவின் கூட்டாளி. அவர் போன் செய்ததும் தம்பி சட்டையை மாட்டினான். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள்.

"நீ போவாத."

"அப்பா இருந்தா போயிருப்பாரும்மா."

"போனாரு. அதான் இல்ல."

தம்பி அவளைத் தாண்டிப் போய்விட்டான். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது.

மத்தியானம் அவனே போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, பொணத்த இன்னும் எடுக்கல. பெங்களூர்ல இருந்து இறந்தவங்க பொண்ணு வரணும். பௌர்ணமின்னு பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்களாம், கூட்டத்துல நடந்து வராங்க. அருள்ராஜ் மாமாவுக்கு ரொம்ப வேர்க்குது. சாப்புடச் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

"அவனுக்கும் சுகர்" என்றாள் அம்மா. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

காலையில் மிஞ்சிய இட்லியைத் தூக்குவாளியில் போட்டாள். சுகர் இறங்கிப்போயிருக்கும் என்று சர்க்கரை டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். கிரிவலக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

பந்தல் காலில் சாய்ந்திருந்தார் அருள்ராஜ். சட்டை முழுக்க நனைந்திருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் இப்படித்தான் இருந்திருப்பார்.

அப்பாவின் அக்கா எல்லம்மாள் அத்தைதான் தூக்கை முதலில் பார்த்தாள்.

"இன்னா ரேணு இது? பொணம் இன்னும் எடுக்கல."

"தெரியுது அண்ணி."

அம்மா டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கம்மா படுத்திருக்காங்கக்கா. எப்படி வாயில வைக்கிறது?"

மேளம் நின்றுவிட்டது. பெரியவர்கள் எழுந்தார்கள். யாரோ தூக்கை வாங்க வந்தார். தம்பி அவர் கையைப் பிடித்தான்.

"அவரும் இப்படித்தான் உக்காந்திருந்தாரு" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "ஊரே சுத்தி இருந்துச்சு. எல்லாருக்கும் அவர் மேல உயிரு. ஆனா குடின்னு ஒருத்தர் சொல்லல. நீ குடி அருளு."

அவர் அம்மாவையே பார்த்தார். பிறகு டம்ளரைப் பிடித்தார். பாதி சிந்தியது, மீதியைக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் கம்மியானது. அம்மா இட்லியைப் பிட்டுக் கொடுத்தாள். தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்து, பிணத்துக்கு எதிரிலேயே சாப்பிடச் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை.

எல்லம்மாள் அத்தை மெல்ல வந்து அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அவன் பக்கத்துல நான்தான் இருந்தேன் ரேணு. தண்ணி கேட்டான். எடுக்கட்டும்டான்னு சொன்னேன்."

அம்மா எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் தூக்கில் கைவிட்டு ஓர் இட்லியை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள்.