துண்டுக்கடியில் இரண்டு கைகள்

இலவசமாக எதையாவது நீட்டுகிறவனைக் கண்டாலே வேம்புலி மடியை இறுக்கிக்கொள்வான். மாட்டுத் தரகில் பாதி ஆயுளைத் தேய்த்தவன் அவன். இப்போது தரகைக் குறைத்துக்கொண்டு அயனம்பாக்கத்தில் பண்ணையார் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறான். அந்தக் குத்தகை நின்றதே அவனுடைய இரண்டு மயிலைக் காளைகளின் எட்டுக் கால்களில்தான். ஜோடி உடைந்தால் நிலம் வேறு ஆளுக்குப் போகும் என்று பண்ணையார் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

அந்த ஊருக்குத்தான் ஜில்லா போர்டு மாட்டு டாக்டர் கங்காதரன் சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கோதண்டத்தின் பசு மூக்கில் ரத்தம் வழிய, நின்ற இடத்திலேயே சாய்ந்திருந்தது. "அடைப்பான் நோய், மனுஷனுக்கும் ஒட்டும். அறுக்காதே, தோலை உரிக்காதே. ஆழமா குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதை. அடுத்த வாரம் வந்து எல்லா மாட்டுக்கும் ஊசி போடுறேன், காசு வேணாம்" என்றார்.

அவர் சைக்கிள் ஏரிக்கரையைத் தாண்டுமுன்பே, அந்தத் தோலைப் பூந்தமல்லித் தோல் வியாபாரி உஸ்மான் கனிக்குப் பேசி முடித்துவிட்டான் வேம்புலி. நல்ல தோலை மண்ணுக்குத் தானம் செய்ய எந்தத் தரகனுக்கு மனசு வரும்?

ஊசி போடும் நாளுக்கு முந்தின நாள், பூந்தமல்லியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு காட்சியைப் பார்த்தான். புளிய மரத்தடியில் டாக்டரும் உஸ்மான் கனியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கனியின் கை டாக்டரின் கைக்குள். இரண்டு கைகளின் மேலும் ஒரு துண்டு.

மாட்டுச் சந்தையில் துண்டு போட்டுக் கைபிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம். வாய் சும்மா இருக்கும். விரல்கள் விலை பேசும். டாக்டர் ஒவ்வொரு விரலாக அமுக்குவது துணிக்கு மேலேயே தெரிந்தது. கனி தலையை ஆட்டினான். பேரம் படிந்துவிட்டது என்று வேம்புலிக்குச் சந்தேகமே இல்லை.

ஓட்டமும் நடையுமாக ஊருக்கு வந்தான்.

"ஊசி போட்டு மாட்டைச் சாகடிப்பான், பாய் வந்து தோலை வாரிகினு போவான். புதைன்னு சொன்னான் பாரு, அது நம்ம கண்ணைக் கட்டத்தான். நான் பார்த்தேன், துண்டு போட்டுப் பேசிக்கினாங்க!"

உத்தியோகஸ்தர் யார் வந்தாலும் அயனம்பாக்கத்தில் நல்ல மாடுகள் ஏரிக்கு அப்பால் கோரைப் புதருக்குள் மறைந்துவிடும். எலும்பும் தோலுமானவை மட்டும் தோப்பில் வரிசையாக நிற்கும். ஜப்திக்காரர்கள் கற்றுக்கொடுத்த பழக்கம். மறுநாள் அந்தக் கிழட்டு மாடுகள்கூட வரவில்லை. டாக்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் தோப்பைப் பார்த்தார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வாங்க வந்திருந்த உஸ்மான் கனி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றான்.

வேம்புலி முன்னால் வந்தான். "டாக்டரய்யா, நேத்து துண்டுக்குள்ள இன்னா விலை படிஞ்சிது? ஊருக்கும் சொல்லேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. கனிக்குப் புரிந்தது. துண்டைப் பிரித்தான். புறங்கையில் ஒரு புண். சுற்றிலும் வீங்கி, நடுவில் கரியாய்க் கறுத்திருந்தது.

"இதான் அண்ணாத்தே விலை. நடுரோட்ல இதைக் காட்டினா எவன் எங்கிட்ட வியாபாரம் பண்ணுவான்? அதான் மூடிக்கினேன். வலிக்குதான்னு அமுக்கிப் பார்த்தாரு. எந்தத் தோலைத் தொட்டேன்னு கேட்டுக்கினே இருக்காரு. தரகன் பேரைச் சொல்ற வழக்கம் எங்கிட்ட இல்ல."

கோதண்டம் தரையைப் பார்த்தான்.  ஊசியில் சூது இல்லை என்று வேம்புலி பாதி நம்பினான். மீதிப் பாதி தரகனுடையது.

கோரைக்குப் போய் ஒரு காளையை மட்டும் ஓட்டிவந்தான், ஜோடியில் கொஞ்சம் மட்டமானதை.

டாக்டர் அதன் கழுத்தைத் தடவினார். "நுகத்தடித் தழும்பு இருக்கே. இன்னொண்ணு எங்கே?"

"ஒண்ணுதான் கீது சாமி."

"ஒத்தை மாடு ஏர் உழுமா? பொழுது சாயற வரைக்கும் இங்கேதான் இருப்பேன். கூட்டிகிட்டு வா."

வேம்புலி சிரித்து மழுப்பினான். துளி எண்ணெயைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்க்காமல் யாராவது டின்னோடு வாங்குவார்களா? ஊசி போட்ட இந்த மாடு ஒரு ராத்திரி நிற்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊராரும் அவன் காளையையே பார்த்துக்கொண்டு தங்கள் மாடுகளை வெளியே விடவில்லை.

காலையில் ஊசி போட்ட காளை அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் ஜோடி கோரைக்குள் கால் விறைத்துக் கிடந்தது. மூக்கில் ரத்தம்.

செய்தி கேட்டு டாக்டர் சுண்ணாம்பு மூட்டையோடு திரும்பி வந்ததும், ஊர் மாடுகள் எல்லாம் புதரைக் கிழித்துக்கொண்டு தோப்புக்கு வந்தன. யார் முதலில் என்று அங்கே ஒரு சண்டை. வேம்புலி மட்டும் கடப்பாரையோடு டாக்டரிடம் வந்து சுண்ணாம்பு கேட்டான்.

"ஏன் சாமி, நேத்தே ரெண்டையும் இஸ்துகினு வாடான்னு அடிச்சு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?"

வேம்புலி யோசித்துப் பார்த்தான். "அப்போ முதல் மாட்டையும் ஓட்டிகினு வந்திருக்க மாட்டேன்."

டாக்டர் சுண்ணாம்பு மூட்டையைக் காட்டினார்.

குழி இடுப்பளவு இறங்கியபோது அவன் மனைவி குப்பம்மா மேலே வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"பண்ணையார் ஊட்டுக்குப் போறேன். வேற எவனாச்சும் முந்திக்கினு ஓதறதுக்குள்ள நானே சொல்றேன். அறுப்பு வரைக்கும் நிலத்தை உட்டு வையின்னு கேக்கறேன்."

"இரு, நானும் வரேன்."

"நீ வேணாம். நீ வந்தா அங்கியும் பாதியை ஒளிச்சு வச்சிப் பேசுவே." அவள் வரப்பில் இறங்கி நடந்தாள். "ஆழமா வெட்டுய்யா. இந்தத் தோலாச்சும் எங்கியும் போவக் கூடாது."