முப்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம்

பெரிய திரையில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் அது எந்தக் கிணறு என்று டேப்புக்காரருக்குத் தெரிந்துவிட்டது. நீலக் கோடு. இடது ஓரத்தில் கொஞ்ச தூரம் இறங்கி வந்து, அப்புறம் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி வலது ஓரம் வரைக்கும் நேராக ஓடியது. நாற்பத்தொரு மாதம். மழை வந்தது, வெயில் வந்தது, அந்தக் கோடு மட்டும் ஒரு சென்டிமீட்டர் ஏறவில்லை, இறங்கவில்லை.

"இது அரசாங்கத்தோட கிணறு, அரசாங்க ஊழியர் மாசா மாசம் நேர்ல போய் அளந்த கணக்கு. நாங்க அளந்தது இல்ல" என்றார் கம்பெனியின் ஆலோசகர். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனிதர். "இவ்வளவு உறுதியா நிக்கற நீர் மட்டத்தை நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல."

பார்த்திருக்க முடியாதுதான். நிலத்தடி நீர் என்பது மூச்சு விடுகிற பொருள். மாதத்துக்கு மாதம் ஏறும், இறங்கும். செத்த பிறகுதான் அசையாமல் கிடக்கும். இது தெரியாமல் இருக்க அந்த ஆலோசகர் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை.

தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்கிற அந்தக் கம்பெனி, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஆறு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டிருந்தது. அதற்கான விசாரணை நீர்வள அலுவலகத்தின் மாடிக்கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. மேடையில் விசாரணை அதிகாரி, பக்கத்தில் குறிப்பெழுதும் எழுத்தர். எதிரே நாற்பது ஐம்பது விவசாயிகள். மூன்றாவது வரிசையில் டேப்புக்காரரின் அக்கா. கடைசி வரிசையில், சுவரோரமாக, உதவிப் பொறியாளருக்குப் பக்கத்தில் டேப்புக்காரர். அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. ஏதாவது கேள்வி வந்தால் பதிவேட்டை எடுத்துக் கொடுக்க உட்கார வைத்திருந்தார்கள்.

பதினெட்டு வருடமாக அவர் செய்வது ஒரே வேலை. அரசாங்கம் அங்கங்கே கண்காணிப்புக் கிணறு என்று குழாய்த் துளை போட்டு மூடி வைத்திருக்கிறது. அதில் யாரும் இறைக்கக் கூடாது, அளக்க மட்டும்தான். மாதம் ஒருமுறை போய்ப் பூட்டைத் திறந்து டேப்பை உள்ளே விடுவார். டேப்பின் நுனியில் கட்டைவிரல் அளவு உலோகக் குண்டு. அது தண்ணீரைத் தொட்டால் மேலே சுருளில் 'பீப்' என்று கத்தும். எத்தனை மீட்டரில் கத்தியதோ அதைப் பதிய வேண்டும். டேப்புக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும்.

அக்கா தோட்டத்து வேலியை ஒட்டி இருப்பது எண்பத்தேழாம் நம்பர் கிணறு. நாற்பத்தொரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அதில் டேப்பை விட்டார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. 'பீப்' வரவில்லை. 'டொக்' என்று குண்டு அடித்தரையில் இடித்தது. தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார். டொக், டொக். பழைய காலமாக இருந்தால் பதிவேட்டில் 'வறண்டது' என்று எழுதிவிட்டு வந்திருப்பார். இப்போது எல்லாம் செல்போன் செயலியில்தான் ஏற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுத்து ஏறவில்லை. காலியாக விட்டால் 'சமர்ப்பி' பொத்தான் வேலை செய்யவில்லை. தலைமை அலுவலகத்தில் தரவுகளைப் பார்க்கிற அம்மாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், எண்பத்தேழுல தண்ணி இல்ல. என்ன போடறது?"

"நம்பர் போடுங்க."

"நம்பர் ஏது? வறண்டு போச்சு."

"சார், காலியா விட்டா அளக்கவே இல்லன்னு செவப்புல காட்டும். மேலேர்ந்து எனக்குத்தான் திட்டு விழும். கிணத்தோட ஆழம் எவ்வளவு?"

"முப்பது மீட்டர்."

"அப்ப முப்பதுன்னு போடுங்க. முப்பது வரைக்கும் தண்ணி இல்லன்னு அர்த்தம். பாக்கறவங்களுக்குத் தெரியாதா?"

பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அந்த அலுவலகமே நடந்தது. டேப்புக்காரர், அந்த அம்மாவுக்குத் தெரியும் என்று விட்டார். அந்த அம்மா, பொறியாளருக்குத் தெரியும் என்று விட்டார். பொறியாளர், கீழே இருக்கிறவனுக்குத் தெரியாமலா போட்டிருப்பான் என்று விட்டார். இப்படி ஆளாளுக்கு அடுத்தவன் கண்ணை நம்பி, கடைசியில் ஒருத்தரும் பார்க்கவில்லை. முப்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம். மாதம் ஒரு தடவையாக நாற்பத்தொரு தடவை ஏற்றி, அச்சாகி வந்த தாளில் கையெழுத்தும் போட்டார். முதல் சில மாதம் உறுத்தியது. அப்புறம் டேப்பை முழுசாக விடக்கூட அவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

அளந்துவிட்டு அக்கா வீட்டில்தான் சாப்பிடுவார். ஆபீஸ் பேச்சை அங்கே எடுப்பதில்லை. மரங்கள் மஞ்சளடித்ததைப் பார்த்தார். இலை உதிர்ந்ததைப் பார்த்தார். "இந்த வருஷம் வெயில் ஜாஸ்திக்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் இப்போது அக்கா எழுந்து நின்றாள்.

"எங்கிட்ட இருநூத்தி இருபது மரம் இருந்துச்சுங்க. இன்னைக்கு முப்பத்தெட்டு நிக்குது. போர்ல காத்துதான் வருது. எங்களுக்கே இல்லாத தண்ணிய இவங்க ஆறு குழாய் போட்டு எங்கேர்ந்து எடுக்கப் போறாங்க? மிச்சத்தையும் உறிஞ்சிட்டாங்கன்னா நாங்க மண்ணைத்தான் திங்கணும்."

விசாரணை அதிகாரி கெட்டவர் மாதிரி பேசவில்லை. அதுதான் எரிச்சல். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற குரல்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா உங்க போர்ல ஏதாவது கோளாறு இருக்கலாம். வேலியை ஒட்டி இருக்கற எங்க கிணத்துல மட்டம் அப்படியே நிக்குது பாருங்க. மூணு வருஷத்துக்கு மேல சரியா முப்பது மீட்டர். நீங்க சொல்றதை நம்பறதா, அளந்ததை நம்பறதா, நீங்களே சொல்லுங்க."

அக்கா திரையை ஒரு தரம் பார்த்தாள். திரும்பித் தம்பியைக்கூடப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தான் எப்போது எழுந்தோம் என்று டேப்புக்காரருக்கே தெரியாது. உதவிப் பொறியாளர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க. நுணலும் தன் வாயால கெடும்னு கேட்டதில்ல? இது உங்க வேலை இல்ல." சட்டையை விடுவித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

"சார், அந்தக் கிணத்துல தண்ணி இல்ல."

"நீங்க யாரு?"

"அளக்கறவன். அந்த முப்பது, தண்ணியோட மட்டம் இல்ல. கிணத்தோட அடி. குண்டு தரையில இடிச்ச இடம். நாப்பத்தொரு மாசமா வறண்டு கெடக்கு."

கூடம் கசகசவென்று பேச ஆரம்பித்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இவ்வளவு நாளும் பொய்க் கணக்கா குடுத்தீங்க?"

"செயலியில வேற எதுவும் ஏறாது சார். நம்பர் போடச் சொன்னாங்க."

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

அதிகாரி கோபப்படுவார், கம்பெனிக்காரனைப் பார்த்து நாலு கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்தார் டேப்புக்காரர். பதினெட்டு வருடம் சர்க்கார் உப்பைத் தின்றும் அந்த அளவுக்கு அப்பாவி. அதிகாரி சட்டையில் விழுந்த தூசியைத் தட்டுகிற மாதிரி சொன்னார்.

"சரி. நம்பகமில்லாத அளவு. எண்பத்தேழாம் கிணத்தை இந்த விசாரணையிலேர்ந்து நீக்கிடலாம். அடுத்த கிணறு எது?"

உதவிப் பொறியாளர் எழுந்தார். "எண்பத்தெட்டு சார். பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையில இருக்கு."

"மட்டம்?"

"நாலு மீட்டர் சார்."

"அப்புறம் என்ன. அதை வெச்சுப் பாத்துக்கலாம்."

ஏரிக்கரையில் நாலு மீட்டரில் தண்ணீர் இல்லாமல் என்ன செய்யும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஐம்பது பேர் கண் முன்னால் ஒரு கிணற்றையே மறைத்தார்கள். முன்வரிசையில் ஆலோசகர் கைக்குட்டைக்குள் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டேப்புக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி.

நேராகப் போய் எழுத்தரின் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"வறண்டதுன்னு எழுதுங்க."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார்.

"அங்க என்னத்தைப் பாக்கறீங்க? உங்க கையில இருக்கறது பேனா. செயலி இல்ல. எழுத்து ஏறும். எழுதுங்க."

"இங்க நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் அதிகாரி.

"இருக்கு சார். கண்காணிப்புக் கிணறு வறண்டா, அந்தப் பகுதியில ஒரு வருஷம் ஆய்வு பண்ணாம புது அனுமதி தரக் கூடாது. போன வருஷம் பயிற்சி வகுப்புல நீங்கதான் பாடம் எடுத்தீங்க. நான் மூணாவது பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிட்டேன். அதனாலதானே கிணத்தையே தூக்கறீங்க? வறண்ட கிணறு இருந்தா சட்டம் பேசும். கிணறே இல்லன்னா யாரு பேசறது?"

"ஆதாரம் இல்லாம எழுத முடியாது."

"டேப் வண்டியில இருக்கு. கிணறு இருபது நிமிஷ தூரம். வாங்க, உங்க கையாலயே விட்டுப் பாருங்க. பீப்னு கத்துச்சுன்னா என்னைத் தூக்கி அதுக்குள்ளயே போடுங்க."

அதற்குள் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்க் கூடத்தின் வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கத்தவில்லை. "எழுதிட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர், அப்புறம் பத்துப் பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலதிகாரியோடு அவருக்கு இன்னொரு கூட்டம் இருந்தது.

"நாங்களா எழுத முடியாது. வேணும்னா நீங்க சொன்னதா பதிவு பண்ணலாம்" என்றார். குரலில் விருந்து உபசாரம் போயிருந்தது. "நாப்பத்தொரு மாசம் தப்பான அளவு குடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கறதா ஆகும். கையெழுத்து போட்டா நாளையிலேர்ந்து நீங்க ஆபீஸுக்கு வர வேண்டியதில்ல. யோசிச்சுக்கோங்க."

"யோசிக்காம நாப்பத்தொரு தடவை போட்டாச்சு. இதை யோசிச்சே போடறேன். குடுங்க."

எழுத்தர் எழுதினார். 'கிணறு எண் 87 நாற்பத்தொரு மாதங்களாக வறண்டுள்ளது.' டேப்புக்காரர் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். பதிவில் அந்த வார்த்தை ஏறிய பிறகு அதிகாரிக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆய்வு முடியும் வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார். ஆலோசகர் திரையை அணைத்து வயரைச் சுருட்டினார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

விவசாயிகள் டேப்புக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் முதுகில் தட்டினார். அவருக்கு வேலை போன பயத்தையும் மீறி நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அக்கா வண்டி நிறுத்துமிடத்தில், தகரக் கூரையின் நிழலில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு வருஷத்துக்கு அவனுங்களால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"தண்ணி இல்லன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அதான் சொன்னேனே மேல. நாப்பத்தொரு மாசமா."

"விவசாய ஆபீஸ் சுவத்துல மாசா மாசம் ஒரு தாள் ஒட்டுவாங்க" என்றாள் அக்கா. "எந்தக் கிணத்துல எத்தனை மீட்டர்ல தண்ணின்னு. நம்ம வேலியோரக் கிணத்துக்கு முப்பதுன்னு போட்டிருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் ரெண்டாவது போர் போட்டேன். முப்பதுல தண்ணி நிக்குது, நம்ம போர்லதான் ஏதோ கோளாறுன்னு. அதுலயும் வரல. மூணாவது போட்டேன். உங்க மாமா தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, மரத்தை வெட்டிட்டு வேற பொழப்பப் பாக்கலாம், கீழ தண்ணி இல்லடீன்னு. என் தம்பி அளந்தது தப்பா இருக்காதுன்னு அவரோட சண்டை போட்டேன். ஆறு மாசம் பேசல நாங்க."

டேப்புக்காரருக்கு வண்டிச் சாவி கைக்கு அகப்படவில்லை. பையில் தேடிக்கொண்டே இருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா. மாசா மாசம் வந்துட்டுத்தானே இருந்தேன்."

"எதுக்குடா கேக்கணும்?" என்றாள் அவள். "கீழ உன் கையெழுத்து இருந்துச்சே."