பிரதம விருந்தினர் வரும்வரை

பண்டகசாலை ஒழுங்கை என்ற ஒடுங்கிய தெருவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு வீடுகளின் முன்கதவுகள் நாலு வருசமாகப் பூட்டுப்படவில்லை. பூட்டில் பிழையில்லை, கதவிலும் பிழையில்லை. வாசல் விழா விதிமுறைப்படி அவை பூட்ட ஏலாத கதவுகள், அவ்வளவுதான். மாரி மழை உள்ளே அடிக்கிறது, நாய்கள் வந்து படுக்கின்றன. ஊர் அதைப் பற்றி இப்போது கதைப்பதுமில்லை.

வாசல் விழா என்பது பெரிய விசயமொன்றுமில்லை. துறைமுகப் பக்கத்துச் சனத்தில் படம் கீறுகிறவர்கள், தைக்கிறவர்கள், மண்ணிலோ மரத்திலோ ஏதாவது செய்கிறவர்கள் வருசத்தில் ஒரு சனி ஞாயிறு தங்கள் வீட்டைத் திறந்து வைப்பார்கள். விரும்பியவர் விரும்பிய வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். சம்பளமில்லாத தொண்டர்கள் சிலபேர் சேர்ந்து நடத்தினார்கள். ஷிஃபானா என்ற இளம் ரீச்சர்தான் செயலாளர், விதிமுறைகளை எழுதியதும் அவள்தான். வேலை சொந்தக் கைவேலையாக இருக்கவேண்டும், அது வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, பங்குபற்றுபவர் திறந்த நேரம் முழுவதும் வீட்டில் இருக்கவேண்டும். முதல் வருசம் சின்ன வள்ளங்கள் செதுக்கி வைத்திருந்த கனகரத்தினம், வெற்றிலை வாங்கி வருவோமென்று வேலிப் படலைக்கு வெளியே காலை வைத்தார். வைத்த கால் அவருடைய குசினிக்குள் ஊன்றியது. திரும்பவும் போய்ப் பார்த்தார், திரும்பவும் குசினி. மனுசன் பானையில் கிடந்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கதிரையில் வந்து குந்திவிட்டார். தொண்டர்களுக்கு இது பெரிய ஆறுதல். வீடு வீடாகப் போய் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிற வேலை மிச்சம்.

சிக்கல் வந்தது பிரதம விருந்தினரால். எங்கள் பக்கத்தில் பிரதம விருந்தினர் இல்லாமல் ஒரு கிணறுகூடத் திறப்பதில்லை. இரண்டாம் வருசம் விழா முழுவதற்கும் ஒருவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் மத்தியானம் தாண்டி வந்தார், இரண்டு வீட்டோடு களைத்துப்போனார், மிச்ச வீட்டுக்காரர் மாலையும் கையுமாக நின்று காய்ந்தார்கள். “எங்கட வீடு என்ன மாட்டுக் கொட்டிலோ?” என்று ஒரே சண்டை. மூன்றாம் வருசம் ஷிஃபானா கையெடுத்துக் கும்பிட்டுப் புது விதி போட்டாள். வீட்டுக்கு ஒரு பிரதம விருந்தினர், யாரென்று வீட்டுக்காரரே சொல்லலாம். அவர் வந்து பார்த்துப் போகும்வரை கதவைப் பூட்டக்கூடாது, கதவு பூட்டும்வரை வீட்டுக்காரர் வெளியேறக்கூடாது. எல்லாருக்கும் சந்தோசம், கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

இனிப் புஸ்பராணிக்கு வருவோம். கலியாணம் செய்யாதவள், தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எதிர்வீட்டில் இருந்தது அவளுடைய தங்கச்சி சறோஜினி. தாய் செத்தபோது மரண அறிவித்தலுக்கு உறவு முறைகளைச் சொன்னது புஸ்பராணிதான். அழுகையும் அந்தரமுமாக இருந்த நேரம், ‘குணரத்தினத்தின் அன்பு மாமியாரும்’ என்ற வரியை மறந்துபோனாள். குணரத்தினம் சறோஜினியின் புருசன். பெட்டி தூக்கப்போன மனுசன் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பினான். மறந்துபோனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். புஸ்பராணி சொல்லவில்லை. “இனி உன்ர வீட்டுப் படி மிதிக்கமாட்டன்” என்று சறோஜினி ஒழுங்கை கேட்கக் கத்தினாள். பிறகு குணரத்தினம் செத்தான். அவனுடைய அறிவித்தலில் ‘புஸ்பராணியின் மைத்துனரும்’ இல்லை. அந்தச் செத்தவீட்டைப் புஸ்பராணி தன் படலைக்குள் நின்று பார்த்தாள். ஒரு ஓட்டோவும் ஒரு சைக்கிளும் விலகிப் போகிற அகலம்தான் அந்த ஒழுங்கை. அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, பதினொரு வருசம்.

புது விதியைக் கேட்டதும் புஸ்பராணி அலுமாரியைத் திறந்து தையல் பெட்டியை எடுத்தாள். வெள்ளைத் துணியை விரித்து, தாயின் அறிவித்தலை முழுவதும் சிவப்பு நூலால் தைத்தாள். குணரத்தினத்தின் வரியை மட்டும் இரட்டை நூலில் தைத்தாள். ஷிஃபானா வந்து, “உங்கட பிரதம விருந்தினர் யார் அன்ரி?” என்று கேட்க, “முன்வீட்டுச் சறோ” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒழுங்கையின் மறுபக்க வீடுகளைப் பதிந்தவன் யதுர்சன் என்ற தொண்டன். வெள்ளி பின்னேரம் அழைப்பிதழ்கள் வந்தபோது புஸ்பராணியின் கையிலும் ஒன்று இருந்தது. சறோஜினியும் பதிந்திருக்கிறாள், அவளுடைய பிரதம விருந்தினர் புஸ்பராணி! கிழவி அழைப்பிதழைக் கண்ணில் ஒற்றி ஒற்றி அழுதாள். ஷிஃபானாவுக்கு அப்போதுதான் விசயம் பிடிபட்டது.

“அன்ரி, நாளைக்கு ரெண்டு பேரும் வெளிக்கிட ஏலாது. இப்பவே ஒருக்கா ஓடிப்போயிட்டு வாங்கோவன்!”

“உனக்கென்ன விசரோ பிள்ளை? பிரதம விருந்தினர் முதல்நாள் பின்னேரம் வீட்டு உடுப்போட ஓடுறவவோ? பன்னீர் தெளிச்சு, சந்தனம் தந்து, ‘வாங்கோ’ எண்டு கூப்பிடட்டும். நான் முறையாப் போறன்.”

“விதி விடாதே அன்ரி.”

“பிரதம விருந்தினரை எந்த விதி மறிக்கும்?”

ஷிஃபானா எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கேயும் இதே பதில், சொல்லுக்குச் சொல் மாறவில்லை. ஒரே வயிறு அல்லவா.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் பட்டுச்சேலை மடிப்புக் குலையாமல், சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வாசலில் வைத்துவிட்டு ஒரே நேரத்தில் படலைக்கு வந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். “வாறன் சறோ” என்று புஸ்பராணி காலை எடுத்து வைத்தாள். கால் குசினியில் ஊன்றியது. ஓடி வந்து பார்த்தால் எதிர்ப் படலையில் சறோஜினி இல்லை, அவளும் தன் குசினியில் நின்றாள். அன்றைக்கு முழுவதும், மறுநாள் முழுவதும் இப்படியே. ஞாயிறு பின்னேரம் மற்ற வீட்டுக் கதவுகளெல்லாம் பூட்டுப்பட்டன. இந்த இரண்டும் திறந்தபடி கிடந்தன.

செய்யாத முயற்சி இல்லை. சிவப்பு நூல் துணியைத் தொண்டர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள், படலை தாண்டியதும் அது பழையபடி ஆணியில் தொங்கியது. போனில் படமெடுத்தார்கள், படத்தில் வெறுஞ்சுவர். எதிர்வீட்டில் என்ன இருக்கிறது என்று ஷிஃபானா வாயால் சொன்னாள். சாம்பல்தீவுக் கரைச் சிப்பிகளை ஒட்டிச் செய்த குணரத்தினத்தின் அறிவித்தல், அதில் ‘புஸ்பராணியின் அன்பு மைத்துனரும்’ என்ற வரி. புஸ்பராணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சொன்னால் காணாது பிள்ளை, நான் அந்தப் படி மிதிக்கவேணும்” என்றாள். விதியை மாற்ற ஒழுங்கையிலேயே கூட்டம் வைத்தார்கள், எல்லாரும் கை உயர்த்தினார்கள். ஆனால் மாற்றிய விதி அடுத்த விழாவிலிருந்துதான் செல்லும். இந்த விழா முடியாமல் அடுத்த விழா தொடங்காது. கதவு இரண்டும் பூட்டாமல் இந்த விழா முடியாது. ஷிஃபானா தலையில் கைவைத்துக்கொண்டு அந்த நடுத்தெருவிலேயே குந்தினாள்.

சாப்பாடு அயலிலிருந்து வந்தது. சகோதரிகள் படலைக்குப் படலை கதைத்தார்கள். மீன் விலை கதைத்தார்கள், கால் உளைவு கதைத்தார்கள். தாயைப் பற்றியும் குணரத்தினத்தைப் பற்றியும் கதைக்கவில்லை. அதெல்லாம் வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தபடி கதைக்கிற கதை, தெருவுக்குக் கேட்கக் கத்துகிற கதையல்ல. ஒவ்வொரு பின்னேரமும் புஸ்பராணி, “சறோ, இருக்கிறியோ?” என்பாள். “ஓம் அக்கா, கதவு திறந்துதான் கிடக்கு” என்று பதில் வரும்.

போன பங்குனியில் சறோஜினி கதிரையில் இருந்தபடியே செத்துப்போனாள். புஸ்பராணி தன் படலைக்குள் நின்று, ஒப்பாரிக்கு நடுவே, அறிவித்தலுக்கு ஒவ்வொரு உறவுமுறையாகச் சொன்னாள். இந்த முறை ஒரு வரி விடுபடவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலை தாண்டியவர்கள் பெட்டியோடு சறோஜினியின் குசினிக்குள் நின்றார்கள். பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லையே. கனகரத்தினம் அனுபவப்பட்டவர், “வீணாய்த் தோளை நோகப் பண்ணாதேங்கோ” என்றார். அவளைத் திரும்பக் கதிரையில் இருத்திவிட்டு ஆட்கள் கலைந்தார்கள். உடம்பு பழுதாகவில்லை, பங்குபற்றுபவர் பழுதாவதற்கு விதியில் இடமில்லை.

அன்று பின்னேரம் பழக்க தோசத்தில் புஸ்பராணி கூப்பிட்டாள்.

“சறோ, இருக்கிறியோ?”

“ஓம் அக்கா, கதவு திறந்துதான் கிடக்கு.”

ஒழுங்கையில் ஒருவரும் திடுக்கிடவில்லை. மீன்காரன் ஹோன் அடித்துக்கொண்டு போனான். புஸ்பராணி சேலைத் தலைப்பைச் சரிசெய்து, படலைக்கு வெளியே காலை வைத்தாள், குசினியில் நின்றாள். வந்ததுதான் வந்தோமென்று ஒரு கை தண்ணீர் அள்ளிக்கொண்டு போய், வாசலில் காய்ந்து கிடந்த சந்தனத்தை நாளைக்கென்று குழைத்து வைத்தாள்.